1991ஆம் ஆண்டுப் பிக்கப்பும் நெல்லியடிக் கராச்சும்

கன நாளாக எழுத நினைத்த விசயம். கையில் ஒயில் போய் இப்பதான் விசைப்பலகையைத் தொடக்கூடியதாக இருக்கிறது.

நாங்கள் இருக்கும் மான்மவுத் ஜங்ஷன் பெயரில் மட்டும்தான் சந்தி. நியூயோர்க்குக்கும் பிலடெல்பியாவுக்கும் இடையில் ஓடும் ரயில்கள் ஊருக்குள்ளால் போகும், நிற்காது. வாகனம் இல்லாவிட்டால் பாண் வாங்கவும் ஏலாது. வீட்டில் ஒரு கார். விடிய நாலு மணிக்கு நான் அதை எடுத்துக்கொண்டு டேர்ன்பைக் 8ஏ வாசலடியில் இருக்கிற களஞ்சிய வேலைக்குப் போவேன். திரும்பி வந்ததும் மனைவி அதே காரில் தன்ர வேலைக்குப் போவா. இப்ப மகனுக்குப் 18. எடிசனில் மிடில்செக்ஸ் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. போய்வர ஒரு வாகனம் வேணும். பனி கொட்டுகிற நாளில், றோட்டு வழிக்க முன்னமே நான் வெளிக்கிடவும் அது உதவவேணும். கையில் இருந்தது 3,000 டொலர்.

"கடனுக்கு ஒரு சின்னக் கார் எடுப்பமே" என்று மனைவி கேட்டா. வட்டியோடு ஐந்து வருசம் கட்டவேணும், அதோடு கடன் காருக்கு முழுக் காப்புறுதியும் போடவேணும். 2022இல் ஊரில் நடந்ததற்குப் பிறகு அக்காவுக்கு மாதாமாதம் அனுப்புகிற காசில் கைவைக்க எனக்கு மனமில்லை. ஆகவே பழசு.

1991ஆம் ஆண்டு ரொயோட்டா பிக்கப், நாலு சில்லு இழுவை, கைக் கியர். ஊரில் நாங்கள் ஹைலக்ஸ் என்கிற அதே சாதி. அமெரிக்காவில் அந்தப் பெயரை எழுபதுகளிலேயே எடுத்துவிட்டார்கள். ஒரு வீட்டு முற்றத்தில் இரண்டு வருசமாக நின்றது, 1,400 டொலருக்குத் தந்தார்கள். இப்படிச் சின்ன ரக்குகள் இங்கே அருமையாகிப் போனதற்கு ஒரு வேடிக்கையான காரணமும் உண்டு. ஐரோப்பாக்காரர் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரி போட, கோபத்தில் 1964இல் அமெரிக்கா வெளிநாட்டுச் சின்ன ரக்குகளுக்கு 25 வீதம் வரி போட்டது. "கோழி வரி" என்றே அதற்குப் பெயர். கோழிச் சண்டை மறந்து போச்சு, வரி போகவில்லை.

வாகனம் வந்த அன்று மகன் கேட்ட முதல் கேள்வி, "அப்பா, எஞ்சின் ஸ்ராட் ஆகுமோ?" என்னுடைய கண் போனது சேசிக்கு. இது எனக்கு ஊரில் பழகின பழக்கம்.

1990 ஆனியில் திரும்பச் சண்டை தொடங்கினபோது எனக்குப் 13 வயது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிச் சாமான் இல்லை. பள்ளிக்கூடம் முடிய நெல்லியடியில் ஒரு கராச்சில் நின்று ஸ்பனர் எடுத்துக் கொடுப்பேன். யாழ்ப்பாணத்தில் அப்ப ஓடினவை முக்கால்வாசி ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், ஏ40, மொறிஸ் மைனர். எல்லாம் மண்ணெண்ணெயில்! புலம்பெயர்ந்து பிறந்த பிள்ளைகளுக்குச் சொன்னால் கதை விடுகிறோம் என்று நினைப்பார்கள். அந்தக் காலத்து எஞ்சின்களில் அமுக்கம் குறைவு, அதனால் மண்ணெண்ணெயைத் தாங்கும். ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஒரு சின்னப் போத்தலில் இருந்து காபரேற்றருக்கு நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு, தள்ளி ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேணும். எரியாத மண்ணெண்ணெய் ரிங் வழியாக இறங்கி ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் தண்ணியாகும், பெயரிங் அடிபடும். ஆகவே அடிக்கடி கழற்றவேணும், கழற்றினால் பழைய சாமானையே திரும்பப் பூட்டவேணும். கராச் அண்ணை அதைத்தான் செய்தார்.

1992இல் அம்மாவுக்கு நெஞ்சு நோ வந்த இரவு, அந்தக் கராச்சில் நின்ற ஒரு ஏ40இல்தான் மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அண்ணைதான் ஓடினார். அம்மாவை உள்ளே எடுத்து, டொக்டர் பார்த்து முடியும்வரை அவர் எஞ்சினை நிற்பாட்டவில்லை. மிச்சமிருந்த பெற்றோல் போத்தலின் அடியில் ஒரு விரற்கடைகூட இல்லை. வேறு நோயாளியை அனுப்பவேண்டி வந்தால் என்ன செய்வது என்று, வாசலில் வெள்ளைப் புகையோடு காரை உறுமவிட்டபடி இருந்தார். அம்மா தப்பினா. அதற்குப் பிறகு 14 வருசம் இருந்தா.

அந்த அண்ணை எந்த வாகனம் வந்தாலும் முதலில் படுத்து அடியைப் பார்ப்பார். சேசி, ஸ்ரியரிங், பிறேக், அதற்குப் பிறகுதான் எஞ்சின். ஓடாத வாகனம் ஆளைக் கொல்லாது தம்பி என்பார். காசு குறையக் குறைய இந்த வரிசை முக்கியமாகிறது. இங்கே நான் பார்த்த பலர் முதல் சம்பளத்தில் பெரிய ரயரும் விளக்கும் பூட்டிவிட்டு, பிறேக் குழாய்க்குக் காசில்லாமல் நிற்கிறார்கள்.

நியூஜேர்சியில் இதை நாங்கள்தான் பார்க்கவேணும், அரசாங்கம் பார்க்காது. சாதாரண பயணிகள் வாகனங்களுக்குப் பிறேக், ஸ்ரியரிங் சோதிப்பதை 2010 ஆகஸ்டோடு நிற்பாட்டிவிட்டார்கள். 1995உம் அதற்கு முந்தியதுமான பெற்றோல் கார், சின்ன ரக்குகளுக்குப் புகைச் சோதனையும் இல்லை. (அதேநேரம் பெற்றோலை நாங்களே அடிக்கக்கூடாது என்று 1949இல் போட்ட சட்டத்தை மட்டும் விடாமல் வைத்திருக்கிறார்கள்!)

சுத்தியலால் சேசியைத் தட்டிக்கொண்டு போனேன். நல்ல இரும்பு மணிபோல் கேட்கும், கறள் பிடித்த இடம் தேங்காய் மட்டை போல் கேட்கும். பின் வில்லுத் தகடு கொழுவுகிற இடத்தில், இரண்டு பக்கமும் மட்டைச் சத்தம். மாரியில் றோட்டுக்குப் போடுகிற உப்பு சேசிக்குள் சேற்றோடு தங்கி உள்ளே இருந்தே தின்னும். சுத்தியலின் கூர்ப்பக்கத்தால் குத்தினேன், உள்ளே போனது. மகன் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றான். இதில்தானே அவன் ரூட் 1இல் பாரவண்டிகளுக்கு நடுவில் போகப்போகிறான்.

கேட்ட ஒரு கராச் ஒட்டவே மாட்டோம் என்றது. இன்னொன்று சொன்ன விலைக்கு இன்னொரு பிக்கப் வாங்கலாம். என்னோடு வேலை செய்கிற குவாத்தமாலாக்காரர் ஒருவர் இரும்புக் கேற் ஒட்டுகிறவர். அவரும் சண்டைக்குத் தப்பி வந்தவர்தான். நான் பெற்றோல் தாங்கியையும் பற்றரியையும் கழற்றி வைத்து, கறளை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டிக் கொடுத்தேன். அவர் தடித்த தகட்டை வைர வடிவில் வெட்டி ஒட்டினார். நேர்குத்தாக ஒட்டினால் அந்தக் கோட்டிலேயே சேசி முறியும். சரிவாக ஒட்டினால் பாரம் பரவும். இரண்டு சனிக்கிழமை, தகட்டோடு 520 டொலர். அதோடு மனைவி பொரித்த 40 மட்டன் றோல்ஸ். றோல்ஸ் இல்லாவிட்டால் இரண்டாம் சனிக்கிழமை வந்திருப்பாரோ தெரியாது.

பிறேக் குழாய்களைச் செம்பு-நிக்கலில் புதிதாக இழுத்தேன், அது கறள் பிடிக்காது. நுனி விரிக்கிற கருவியை உதிரிப்பாகக் கடையில் முற்பணம் கட்டி இரவல் வாங்கலாம், திருப்பிக் கொடுத்தால் முழுக்காசும் வரும். மகன் பெடலை மிதிக்க நான் கீழே படுத்துக் காற்றெடுத்தேன். சப்பாத்து, சிலிண்டர் எல்லாம் சேர்த்து 310.

எஞ்சினைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 22ஆர்ஈ, 2.4 லீற்றர், லேசில் சாகாத சாமான். நாலு சிலிண்டரிலும் அமுக்கம் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டியது. ரைமிங் சங்கிலியின் பிளாஸ்ரிக் வழிகாட்டிகள் வயது போனால் உடையக்கூடியவை. சங்கிலி தளர்ந்து மூடியை அறுத்தால் தண்ணீரும் ஒயிலும் கலந்துவிடும். ஆகவே இரும்பு முதுகு வைத்தது பூட்டினேன். தண்ணீர்ப் பம்பும் சேர்த்து 240. பாவித்த ரயர் நாலு 260.

முன்சில்லுப் பூட்டுகள் இறுகிப் போயிருந்தன. இந்த மொடலில் நாலு சில்லும் இழுக்கவேணும் என்றால் இறங்கிப்போய் முன்சில்லுகளின் நடுவில் உள்ள திருகியைக் கையால் திருப்பவேணும். கிறீஸ் காய்ந்து பசையாகியிருந்தது. கழுவ ஒரு கலன் மண்ணெண்ணெய் வாங்கினேன். பெற்றோலைவிட விலை கூட! நம்புங்கோ, கடையில் விலையைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். தட்டில் ஊற்றினதும் அந்த வாசம் அடித்தது. மகன் மூக்கைச் சுளித்து, "என்னப்பா இது?" என்றான். அன்றைக்குத்தான் அவனுக்கு மந்திகைக் கதையை முழுதாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "எஞ்சினை நிற்பாட்டாமல் இருந்தால் ஒயில் கெட்டிருக்குமே, பிறகு அந்தக் காருக்கு என்ன நடந்தது?" என்று கேட்டான். அப்பம்மாவைப் பற்றிக் கேட்பான் என்று நினைத்தேன், காரைப் பற்றிக் கேட்டான். அந்தக் கிழமையே அண்ணை பெயரிங் கழற்றினார், நான்தான் விளக்குப் பிடித்தேன் என்றேன். திருகி, சீல், கிறீஸ், ஒயில் எல்லாம் 170.

கூட்டினால் சரியாக 2,900. விற்பனை வரியும் உரிமைப் பத்திரத்துக்கு 60 டொலரும் சேர, 3,000ஐ ஐம்பது சொச்சம் தாண்டிவிட்டது. என்னுடைய கூலியைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் மனைவி சொன்ன கார்தான் மலிவு, அதையும் சொல்லிவிடவேணும்.

ஊரில் இந்தக் கணக்கு வேறு. 2020இல் வாகன இறக்குமதியை நிற்பாட்டி, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் திறந்தார்கள். அந்த ஐந்து வருசமும் இப்படி ஒரு பிக்கப் வைத்திருந்தவன் சீமான். 2022இல் கியூஆர் அட்டைக்குக் கிழமைக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று அளந்தபோது அக்கா ரெலிபோனில் சொன்னா, "திரும்பவும் போத்தலோட நிக்கிறம் தம்பி" என்று.

மகன் இப்ப மூன்று கிழமையாகக் கல்லூரிக்கு அதில்தான் போகிறான். கைக் கியரை நல்லாப் பிடித்துவிட்டான், ஏற்றத்தில் நின்று எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் உதறும். குளிரூட்டி இல்லை, றேடியோ இல்லை, பெயின்ற் அடிக்கிற எண்ணமும் இல்லை. பின் அச்சில் ஒரு சீல் கசிகிறது. அது பிறேக் சப்பாத்தில் படமுன்னம் மாற்றவேணும். சீல் 14 டொலர், வாங்கி வைத்துவிட்டேன். வாற ஞாயிறு கழற்றுகிறோம்.