பத்து மீட்டர் வயரும் பரீட்சை ஃபீஸும்

வீட்டுல ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் செட் பண்ணப் போறீங்களா? கடைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி, அடிபட்டவன் சொல்றதைக் கொஞ்சம் கேட்டுட்டுப் போங்க.

எனக்கு ஊர் முக்கொம்பு பக்கம். நீங்க கும்பலா பிக்னிக் வருவீங்களே, அதே முக்கொம்புதான்! அப்பா எலெக்ட்ரீஷியன். இளவட்டமா இருந்தப்போ மைக் செட் வெச்சிருந்தார். ஆடிப்பெருக்குக்கு ஆத்தங்கரை முழுக்கக் குழாய் கட்டிக் கட்டியே அவருக்கு இடது காது அவுட்.

செகண்ட் இயர்ல சீனியர் ஒருத்தர்கிட்ட பழைய ஆம்ப்ளிஃபயரும், ரெண்டு 8 ஓம் ஸ்பீக்கரும் வாங்கினேன். ஆம்ப் என் ரூம்ல, ஸ்பீக்கர் ஹால்ல. சுவரோரமா இழுத்தா ஒவ்வொண்ணுக்கும் 10 மீட்டர் வயர் வேணும். ''2.5 ஸ்கொயர் காப்பர் வயர் போதும்டா. என்கிட்டயே மிச்சம் கிடக்கு''ன்னார் அப்பா. காது கேக்காதவர்கிட்ட சவுண்டு பத்தி என்ன கேக்குறதுன்னு நினைச்சேன். (இப்போ எழுதுறப்பவும் வெட்கமா இருக்கு.)

திருச்சியில ஒரு கடை. விரல் தண்டிக்கு, பளபளன்னு ஒரு கேபிள். ''பாடகர் மூச்சு விடறதுகூடக் கேக்கும் தம்பி''ன்னார் கடைக்காரர். பாக்கெட்ல செமஸ்டர் ஃபீஸ் இருந்துச்சு. அப்புறம் இல்லை!

வீட்டுக்கு வந்து மாட்டினேன். ''ஆஹா, என்ன கிளாரிட்டி!''ன்னு மாமா பையன்கிட்ட அளந்துக்கிட்டு இருக்கேன், அப்பா உள்ளே வந்து ரெண்டு நிமிஷம் நின்னார். ''பேஸ் எங்கடா போச்சு?'' ஒரு ஸ்பீக்கர்ல சிவப்பையும் கறுப்பையும் மாத்திக் கொடுத்திருக்கேன். ஒரு கூம்பு காத்தை வெளியே தள்ளுறப்போ இன்னொண்ணு உள்ளே இழுக்குது. அடிநாதம் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டுக் காணாமப் போயிடுச்சு. அதைத்தான் நான் கிளாரிட்டின்னு சொல்லிட்டிருந்தேன்!

சந்தேகம் வந்துடுச்சு. அப்பாவோட மிச்ச வயரையும் புதுசையும் மாமா பையன் எனக்குத் தெரியாம பத்து தடவை மாத்தி மாத்திக் கொடுத்தான். நான் சரியா சொன்னது அஞ்சு. காசு சுண்டிப் போட்டிருந்தாலும் அதே மார்க்தான்.

''ரோதனைக்குக் காரணம் ரெசிஸ்டன்ஸ் மட்டும்தான்''னு அப்பா கணக்குப் போட்டுக் காட்டினார். போக 10, வர 10, மொத்தம் 20 மீட்டர். 0.75 ஸ்கொயர் வயர்னா சுமார் அரை ஓம். 2.5-ன்னா 0.16 ஓம்தான். ஸ்பீக்கர் ஓம்ஸ்ல 5 சதவிகிதத்துக்குள்ள இருந்தா கவலை இல்லை. 8 ஓமுக்கு அது 0.4. ஸ்பீக்கர் 4 ஓம்னா 0.2-தான், அப்போ இன்னும் ஜாக்கிரதை. ''வாய்க்கால் அகலம்தான்டா கணக்கு. கரைக்கு பெயின்ட் அடிச்சா தண்ணி கூடவா வரும்?'' கொள்ளிடம் பள்ளமா இருந்ததால தண்ணியெல்லாம் அந்தப் பக்கம் ஓட, காவிரிக்குத் திருப்பத்தான் 1836-ல ஆர்தர் காட்டன் இங்கே மேலணை கட்டினார். அந்த ஊர்க்காரருக்கு வேற எந்த உதாரணம் வரும்?

''அப்போ மைக் செட்டுக்கு மட்டும் நூல் மாதிரி வயரை ஊர் பூரா இழுப்பீங்களே?''ன்னு மடக்கினேன். அது 100 வோல்ட் லைனாம். வோல்டேஜை ஏத்திட்டா கரன்ட் குறைஞ்சிடும், மெல்லிசு வயரே தாங்கும். வீட்டு ஆம்ப்ல அந்த வசதி கிடையாது.

கடைசியா அப்பா பிளேடால என் கேபிள் நுனியைச் சுரண்டினார். உள்ளே வெள்ளை! அலுமினியத்துக்கு மேல செம்புப் பூச்சு. அலுமினியம் செம்புல 60 சதவிகிதம்தான் மின்சாரம் கடத்தும். தடியா போட்டா அதுவும் வேலை செய்யும்தான். ஆனா செம்பு விலை கொடுத்திருக்கேனே! வாங்குறப்போ நுனியைச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்க பாஸ், கூச்சப்படாதீங்க.

ஃபீஸ் விஷயத்தை ராத்திரிதான் சொன்னேன். அப்பா ஒண்ணும் திட்டலை. புது டிரில்லிங் மெஷினுக்குச் சேர்த்து வெச்சதுல இருந்து எடுத்து, ஃபைனோட சேர்த்துக் கொடுத்தார். அப்புறம் சேரை இழுத்து, வலது காது ஸ்பீக்கர் பக்கம் வர்ற மாதிரி திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

''ம்... இப்ப ஒரு பாட்டு போடு.''