ஒரு டம்ளர் காபிக்கு ஒரு மெஷின்

'கிரைண்டர்' என்று தமிழ்நாட்டில் சொன்னால் யாருக்கும் காபி ஞாபகம் வராது. கல்லும் இட்லி மாவும்தான் வரும். கோவை வெட் கிரைண்டர் புவிசார் குறியீடே வாங்கி வைத்திருக்கிறது. காபி மெஷின் பாவம், அதற்கென்று ஒரு சொந்தப் பெயர்கூட இல்லை! அதனால்தான், கோவையில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கும் ஒரு பையன், வத்தலக்குண்டில் இருக்கும் தன் அம்மாவுக்கு ஃபோன் போட்டு "ஒரு கிரைண்டர் அனுப்பியிருக்கேம்மா" என்றதும், "எதுக்குடா? இருக்கிறதே மூலையில கிடக்கு. ரெண்டு பேருக்கு யாரு மாவாட்டுறா?" என்று பதில் வந்தது.

அவன் அனுப்பியது காபிக்கொட்டை அரைக்கும் சின்ன மின்சார மெஷின். விலை ஆயிரத்துச் சொச்சம். சாயந்திரங்களில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு அது. அதைப் போய் இதில் ஏன் போட்டான் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது.

அவனுடைய அப்பா ரிட்டையர்டு கணக்கு வாத்தியார். நாளைக்கு ஐந்து டம்ளர் காபி குடித்துக்கொண்டிருந்தவர். போன வருஷம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியபோது டாக்டர் கணக்கை மாற்றி எழுதிவிட்டார். சர்க்கரை கிடையாது, காபி ஒரு நாளைக்கு ஒரே ஒரு டம்ளர். வாத்தியார் கெஞ்சவில்லை, பேரம் பேசவில்லை. ஒன்று என்றால் ஒன்று. அம்மாவும் டீக்கு மாறிவிட்டார். எதிரில் உட்கார்ந்து இரண்டாவது டம்ளர் குடிக்க மனசு வரவில்லையாம்.

பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது. முன்பெல்லாம் இருவரும் குடித்து, வந்தவர் போனவருக்கும் கொடுத்தால் அரைக்கிலோ தூள் ஒரு வாரம் தாங்குவதே கஷ்டம். இப்போது அதே அரைக்கிலோ ஏறக்குறைய ஒரு மாதம் ஓடுகிறது. முதல் வாரம் காபி. இரண்டாம் வாரம் காபி மாதிரி. நாலாம் வாரம் வெறும் கசப்புத் தண்ணீர், கலர் மட்டும் இருக்கும். ஐந்து டம்ளர் குடிக்கிறவருக்கு ஒன்று சரியில்லை என்றால் பரவாயில்லை, அடுத்தது இருக்கிறது. ஒரே டம்ளர் குடிக்கிறவருக்கு அது கெட்டால் அன்றைய கணக்கு முடிந்தது.

"நூறு கிராம் வாங்க வேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பையனும் கேட்டான். கடைக்காரர் வாத்தியாரின் பழைய மாணவர். முப்பது வருஷமாக அரைக்கிலோ வாங்கிய கடையில் போய் நின்றுகொண்டு "நூறு கிராம் குடுப்பா" என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. "ஏன் சார், உடம்புக்கு என்ன?" என்று அவன் கேட்பானாம். அதற்கு வேறு பதில் சொல்ல வேண்டுமாம். இது ஒரு காரணமா என்று சிரிக்கலாம். வீட்டில் ஒரு ரிட்டையர்டு வாத்தியார் இருந்தால் சிரிப்பு வராது.

தூளாக வாங்காமல் வறுத்த கொட்டையாக வாங்கினால்? அரைக்கிலோவே வாங்கலாம், மானமும் போகாது. வறுத்த கொட்டை காற்றுப் புகாத டப்பாவில் சில வாரம் வாசனையோடு இருக்கும். அரைத்த தூள் அப்படி இல்லை. அரைத்த நிமிஷத்திலிருந்தே மணம் கிளம்ப ஆரம்பித்துவிடும். ஒரு கொட்டைக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் காற்று படும், அதையே நூற்றுக்கணக்கான துகளாக்கினால் ஒவ்வொன்றின் எல்லாப் பக்கமும் படும், அவ்வளவுதான் விஷயம். அரைக்கும்போது வீடு முழுக்க மணக்கிறதே, அந்த மணமெல்லாம் டம்ளருக்கு வராமல் போனதுதான்!

இவ்வளவு யோசித்துத்தான் அந்த மெஷினை வாங்கினான். கடைசியில் ஒன்றை மட்டும் யோசிக்காமல் விட்டுவிட்டான். மெஷினுக்குள் என்ன இருக்கிறது என்று.

உள்ளே இருந்தது பிளேடு. மிக்ஸி மாதிரியேதான். அதை மெஷின் என்பதைவிடக் குட்டி மிக்ஸி என்று சொல்லலாம். முதல் நாள் காலை நாலரை மணிக்கு அம்மா பட்டனை அழுத்தியதும் பக்கத்து வீட்டு நாய் குரைத்ததாம். இருபது செகண்டில் தூள் ரெடி. ஆஹா என்று ஃபில்டரில் போட்டு, குடையை வைத்து அமுக்கி, வெந்நீர் ஊற்றி மூடியாயிற்று. பதினைந்து நிமிஷம் ஆயிற்று, அரைமணி ஆயிற்று. டிக்காஷன் இறங்கவே இல்லை. தலையில் தட்டிப் பார்த்தார். கீழ்ப் பாத்திரத்தில் இரண்டு ஸ்பூன் தேறியது. வாத்தியார் அதிலேயே பாலை ஊற்றிக் குடித்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்றார். அப்புறம் அம்மா தனியாக ஃபோன் போட்டு, "உங்கப்பா பொய் சொல்றாருடா, டம்ளர் அடியில அரை விரல் வண்டல் கிடக்கு" என்றார்.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிளேடு அரைப்பதில்லை, வெட்டுகிறது. அடியில் மாட்டிய கொட்டையைத் திரும்பத் திரும்ப வெட்டி மாவாக்கும். மேலே குதித்துக்கொண்டிருப்பதைத் தொடாமலே விடும். ஆக ஒரே டப்பாவில் ஒரு பக்கம் பவுடர், இன்னொரு பக்கம் ரவை, நடுவில் பாதிக் கொட்டைகளும் தென்படும். நம் ஊர் ஃபில்டருக்கு இதைவிடக் கெட்டது எதுவும் கிடையாது. மாவு போய்த் துளையை அடைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் துளை வழியே இறங்கி வண்டலாக நிற்கும். ரவையில் இருக்கிற சாறோ முழுசாக இறங்காது. ஒரே டம்ளரில் கசப்பும் இருக்கும், சப்பென்றும் இருக்கும். காகித ஃபில்டர் வைத்துக் குடிக்கிற ஊர்க்காரர்களுக்கு வண்டல் தொல்லையாவது கிடையாது. பித்தளையிலும் எவர்சில்வரிலும் துளை போட்டு வைத்திருக்கிற நமக்கு அந்தச் சலுகையும் இல்லை.

பிளேடு சூட்டில் காபி தீய்ந்துபோகும் என்று ஒரு புகாரும் உண்டு. இருபது கிராமை இருபது செகண்ட் அரைப்பதற்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒரேயடியாக அழுத்திப் பிடிக்காமல் விட்டு விட்டு அழுத்தினால் போதும். மோட்டாருக்கும் அதுதான் நல்லது.

அப்படியானால் வீட்டு மிக்ஸியே போதாதா? அம்மா அதையும் பார்த்துவிட்டார். ஒரு டம்ளருக்கான கொட்டை சட்னி ஜாரில் பிளேடு உயரத்துக்குக்கூட வராது. சுவரில் மோதிச் சத்தம் போடுமே தவிர அரைபடாது. போதாக்குறைக்கு முந்தின நாள் அரைத்த மல்லி வாசனை வேறு. மல்லிக் காபி நல்ல சமாச்சாரம்தான், ஆனால் அது வேறு பண்டம்.

பொங்கல் லீவுக்கு வந்த பையன் மெஷினைக் கையில் எடுத்தான். மூன்று செகண்ட் ஓட்டி, நிறுத்தி, குலுக்கி, மறுபடி மூன்று செகண்ட். இப்படி ஏழெட்டுத் தடவை. பிறகு சல்லடையில் சலித்து, மேலே நின்றதை மறுபடி அரைத்து, அடியில் விழுந்த மாவில் பாதியைத் தள்ளி... காபி நன்றாக வந்தது. உண்மையாகவே நன்றாக வந்தது. ஆனால் இருபது கிராமில் ஐந்து கிராம் குப்பைக்கு. அம்மா ஒரு பார்வை பார்த்தார். விடிகாலையில் இந்த வேலையெல்லாம் யார் செய்வது என்று அதற்கு அர்த்தம்.

"நம்ம வீட்டு மெஷின் இருந்திருந்தா இந்தக் கஷ்டமே இல்ல" என்றார் வாத்தியார்.

அவர் சொன்னது ஜன்னல் கட்டையில் திருகி மாட்டிய இரும்புக் கைமெஷினை. மேலே குழிவான கிண்ணம், பக்கவாட்டில் கைப்பிடி, முன்னால் ஒரு திருகு. வத்தலக்குண்டுக்கு மேலேதான் தாண்டிக்குடியும் பண்ணைக்காடும். மலைக் காபி இறங்குகிற ஊர். பச்சைக்கொட்டை வாங்கி வாணலியில் வறுத்து, ஆறவைத்து, சின்ன வயசில் அவர்தான் சுற்றுவாராம். சுற்றிவிட்டுத்தான் ஸ்கூலுக்குப் போக வேண்டும். மிக்ஸி வந்த வருஷம் அது காயலான் கடைக்குப் போயிற்று. எடைக்குப் போட்டது தானேதான் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

அந்தப் பழைய மெஷினில் பிளேடு கிடையாது. பல் வைத்த இரண்டு பாகங்கள். ஒன்று நிற்கும், ஒன்று சுற்றும். நடுவில் இருக்கிற இடுக்கில் கொட்டை நொறுங்கி, அந்த இடுக்கு அளவுக்கு வந்த பிறகுதான் கீழே விழும். திருகை முறுக்கினால் நைஸ், தளர்த்தினால் கொரகொரப்பு. பழைய யோசனைதான். பிற்காலத்தில் கார் செய்த பெஜோ குடும்பம் பிரான்சில் 1840லேயே காபி மில் செய்து விற்றது. கடைகளில் கர்ரென்று ஓடும் பெரிய மெஷினும் இதே ஜாதிதான், மோட்டார் மட்டும் கூடுதல்.

அதே ஜாதியில் உள்ளங்கையில் அடங்குகிற கைமெஷின்கள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. உள்ளே பீங்கான் பல். பையன் இன்னும் இரண்டு மாசம் டியூஷன் எடுத்தான்.

மலிவுக்கு என்ன உண்டோ அதெல்லாம் அதிலும் உண்டு. கைப்பிடி கழன்று கழன்று கையோடு வரும். எத்தனை முறுக்கு வைத்தோம் என்று பார்க்க அடையாளம் எதுவும் இல்லை, எண்ணி ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நடுத்தண்டு லேசாக ஆடும். ஆடுகிற தண்டு கொரகொரப்பாக அரைக்கும்போதுதான் அதிகம் காட்டிக்கொடுக்கும், ஒன்று பெரிசு ஒன்று சிறிசாக விழும். நைஸ் பக்கம் போகப் போகப் பல்லுக்குப் பல் நெருங்கிவிடுவதால் ஆட்டத்துக்கு இடம் குறைவு. நம் ஃபில்டருக்கு வேண்டியது அந்த நைஸ் பக்கம்தான். மலிவு மெஷினின் பெரிய குறை நம் ஊர்க் காபியில் தெரியாமலே போவது நம் அதிர்ஷ்டம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சிக்கரியைக் கொட்டையோடு சேர்த்து மெஷினில் போடாதீர்கள். அது ஈரம் இழுக்கும், பல்லில் ஒட்டிக்கொள்ளும். தனியாக வாங்கி, அரைத்த தூளில் கலந்தால் போதும். கடைத் தூளில் சிக்கரி பாதிக்கு மேல் போகக்கூடாது, காபி 51 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சிக்கரி கலரும் கெட்டியும் கொடுத்து மட்டமான அரைப்பை மூடி மறைத்துவிடும். சிக்கரி நிறையச் சேர்க்கிற வீட்டில் எந்த மெஷினில் அரைத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. காசை மிச்சம் பிடிக்கலாம்.

இன்னும் சொல்லப்போனால், நாலு பேர் நன்றாகக் காபி குடிக்கிற வீட்டுக்கு மெஷினே தேவையில்லை. கண் முன்னால் அரைத்துக் கொடுக்கிற கடை பக்கத்தில் இருந்தால், கெட்டுப்போவதற்குள் தூள் தீர்ந்துவிடும். கடை மெஷின் அரைக்கிற சீருக்கு வீட்டு மலிவு மெஷின் எதுவும் வராது. காபிப் பைத்தியங்கள் வாங்க வேண்டிய சாமான் என்று இதை நினைக்கிறோம். நிஜத்தில் இது கொஞ்சமாகக் குடிக்கிறவர்களுக்கானது. தனியாக ரூம் எடுத்து இருப்பவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடிப்பவர், டாக்டரிடம் மாட்டிக்கொண்டவர்.

கைமெஷினில் பெரிய குறை கைதான். ஒரு டம்ளருக்கு அரைக்க மூன்று நாலு நிமிஷம் சுற்ற வேண்டும். இருபது வயசுப் பையனுக்கு அது விளையாட்டு. வாத்தியாருக்கு அப்படி இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவருக்குச் சீக்கிரம் மூச்சு வாங்குகிறது. மெஷினோ வழவழவென்று இருப்பதால் சுற்றினால் முழுசும் கையோடு சுற்றுகிறது. அம்மா "குடுங்க, நான் அரைக்கிறேன்" என்றால் கொடுப்பதில்லை. கடைசியில் ஒரு ஏற்பாடு. நாற்காலியில் உட்கார்ந்து அவர் கைப்பிடியைச் சுற்றுவார். எதிரில் அம்மா ஈரத்துணி சுற்றி மெஷினை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். ஐம்பது சுற்றுக்கு ஒரு தடவை நிறுத்த வேண்டும், எண்ணுவது அம்மாவின் பொறுப்பு. மொத்தம் இருநூற்றுச் சில்லறை. ஆறு ஏழு நிமிஷம் ஆகிறது. நாய் குரைப்பதில்லை.

டிக்காஷன் பதினைந்து நிமிஷத்தில் இறங்கிவிடுகிறது. மாசக் கடைசியிலும் நுரைக்குமேல் மணம் வருகிறதாம். போன வாரம் ஃபோனில் வாத்தியார் பையனிடம் கேட்ட ஒரே கேள்வி, "அந்தத் திருகை இன்னும் அரைச் சுத்து முறுக்கலாமாடா?"

பிளேடு மெஷின் சும்மா இல்லை. அம்மா அதில் ரசத்துக்கு மிளகும் சீரகமும் பொடிக்கிறார். அதற்கு ஒன்றிரண்டாகத்தான் இருக்க வேண்டும். அந்த வேலைக்கு அதை மிஞ்ச ஆளில்லை.