மெனோரா ஏற்றத்துக்கு ஒரு கார்

கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து சுங்கைப்பட்டாணியில் அப்பா வீட்டு வாசல் வரை 384 கிலோமீட்டர். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கிளம்பி, ஞாயிறு இரவு திரும்புவது வழக்கமாகிவிட்டது. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், பூட் நிறைய பைகள்.

2022-இல் ஓர் இரவு எங்கள் பழைய கார் ஈப்போவைத் தாண்டியதும் மூச்சு வாங்கியது. ஜெலாப்பாங் கடந்து மெனோரா சுரங்கத்தை நோக்கிச் சாலை ஏறும் இடம். சூட்டு முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. மணி பதினொன்று. அவசரத் தடத்தில் நிறுத்தி, பிள்ளைகளை இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தோம். லாரிகள் கடந்து போகும்போதெல்லாம் வெறும் காற்றுக்கே கார் ஆடியது. அம்மா மூன்று முறை அழைத்துவிட்டார். "எங்கப்பா இருக்கீங்க? அப்பா தூங்காம உக்காந்திருக்காரு." தாப்பாவில் சாப்பிடுகிறோம் என்று பொய் சொன்னேன்.

அந்தக் கார் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர்கூடக் கொடுத்ததில்லை. கையில் இருந்தது 25,000 வெள்ளி. புதுக் காருக்கு ஒன்பது வருடக் கடன் வாங்க மனம் வரவில்லை. பெட்ரோல் குறைவாகக் குடிக்கும் சிறிய பழைய கார் ஒன்று போதும் என்று தேடத் தொடங்கினோம்.

முதலில் மனதுக்குப் பட்டது ஒரு லிட்டர் இஞ்சின் கொண்ட ஆக்சியா. இஞ்சின் சிறியது என்றால் செலவும் குறைவு என்பதுதானே எல்லாருடைய கணக்கும்? பட்டணத்துக்குள் அது சரிதான். ஆனால் நண்பரின் காரை இரவல் வாங்கி, நால்வரும் பைகளோடு ஈப்போ வரை போய் ஏற்றத்தில் ஏறிப் பார்த்தேன். வேகம் குறையாமல் இருக்க மிதியை ஏறக்குறைய தரை வரை அழுத்த வேண்டியிருந்தது. இஞ்சின் அலறியது. தனியாளாக வேலைக்குப் போய் வருபவருக்கு அதைவிடச் சிக்கனமான கார் கிடைப்பது அரிது. மாதம் இருமுறை நான்கு பேரும் சாமான்களும் மலையேற வேண்டுமென்றால் 1.3 லிட்டர் இஞ்சின் சிரமப்படாமல் இழுக்கும், பெட்ரோலில் பெரிய நட்டமும் வராது. அதனால் தேடல் மைவியின் பக்கம் திரும்பியது. 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறை மைவி என் பணத்துக்குள் அடங்கியது. உதிரிப் பாகம் எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் கிடைக்கும். இரவில் பீடோரிலோ கம்பாரிலோ நின்றுபோனால் இதன் அருமை தெரியும்.

பழைய கார் விற்கும் கடை ஒன்றில் பளபளவென்று ஒரு வெள்ளைக் கார். மீட்டரில் 58,000 கிலோமீட்டர்தான். மனைவிக்குப் பிடித்துவிட்டது, நானும் முன்பணம் கட்டத் தயாராக இருந்தேன். உடன் வந்த மெக்கானிக் அண்ணன் பின் இருக்கை பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தார். அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. இருக்கையின் தண்டவாளத்தில் துரு. பூட்டில் மாற்றுச் சக்கரத்தை எடுத்தால், குழியின் மூலையில் காய்ந்த சேறு. "தம்பி, இது நீச்சல் அடிச்ச வண்டி. வேணாம்" என்றார். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் எத்தனை கார்கள் கூரை வரை மூழ்கின என்பதை நாம் பார்த்தோமே! அவையெல்லாம் எங்கே போயிருக்கும் என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

மீட்டரைப் பற்றியும் அவர் சொன்னார். எண்ணைக் குறைத்துவிடலாம், பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்ததை மறைப்பது கடினம். சர்வீஸ் புத்தகத்தில் முத்திரையும் தேதியும் கிலோமீட்டரும் வரிசையாக ஏறிக்கொண்டே வர வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் புஸ்பாகோம் சோதனை இருக்கிறதே என்று கேட்டேன். இஞ்சின் எண், சாஸி எண், பிரேக் எல்லாம் பார்ப்பார்கள்தான். கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று அங்கே யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

கடைசியில் காப்பாரில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரிடம் 2014 மைவி கிடைத்தது. 1.3, ஆட்டோ கியர், 96,000 கிலோமீட்டர். எல்லா ரசீதுகளையும் பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். சிரித்துக்கொண்டே அவரும் ஏறிக்கொண்டார். கோம்பாக்கிலிருந்து கராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா வரை ஓட்டினோம். கியர் மாறும்போது இடிக்கவில்லை, சூட்டு விளக்கு எரியவில்லை. இறங்கும்போது பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்கவில்லை. மேலே நிறுத்தி அடியில் குனிந்து பார்த்தேன். எண்ணெய்ச் சொட்டு எதுவும் இல்லை. அன்றே பேசி முடித்தோம்.

முதல் பயணத்தில் கணக்கெடுத்தேன். கிள்ளானில் பம்ப் தானாக நிற்கும் வரை நிரப்பி, மீட்டரைப் பூஜ்யமாக்கி, சுங்கைப்பட்டாணியில் மறுபடி அதேபோல் நிரப்புவது. 27.4 லிட்டர். லிட்டருக்கு 14 கிலோமீட்டர். மோசமில்லை என்றாலும் எதிர்பார்த்தது அதிகம்.

மெக்கானிக் அண்ணன் காற்று வடிகட்டியையும் ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றினார், கியர் எண்ணெயையும் மாற்றினார். டயர் காற்று ஓட்டுநர் கதவோர ஸ்டிக்கரில் உள்ளதைவிட மிகக் குறைவாக இருந்தது. என் பங்குக்கு, பூட்டில் சும்மா கிடந்த கருவிப் பெட்டியை இறக்கினேன். 110-இல் பறப்பதை விட்டு 95-க்கு வந்தேன். அடுத்த முறை 23.6 லிட்டர். லிட்டருக்கு 16 கிலோமீட்டருக்கும் மேல்! அப்போது ரோன் 95 விலை 2.05 வெள்ளி, நான்கு நடைக்கு மாதம் முப்பது வெள்ளி மிச்சம். பெரிய தொகையில்லை, அப்பாவின் மருந்துக் கடையில் அது ஒரு பட்டைக்கு ஆகிறது. வேகம் குறைத்ததால் அரைமணி நேரம் தாமதம். பிள்ளைகள் எப்படியும் தஞ்சோங் மாலிம் வருவதற்குள் தூங்கிவிடுகிறார்கள்.

இப்போது அந்த ஏற்றம் வந்தால் வானொலியை அணைத்துவிட்டு இஞ்சின் சத்தத்தைக் கேட்கிறேன். இருட்டில் சுண்ணாம்புக் குன்றுகள் பின்னால் போகும். இடப்பக்கத் தடத்தில் லாரிகள் விளக்கை மினுக்கிக்கொண்டு ஊர்ந்து ஏறும். சுரங்கத்தைத் தாண்டிக் கோலகங்சாருக்கு இறங்கியதும் மனைவி பெருமூச்சு விடுவது கேட்கும். அந்த இரவை அவளும் மறக்கவில்லை. சுங்கைப் பேராக் ஓய்விடத்தில் ஆளுக்கொரு தே தாரேக். அங்கிருந்துதான் அம்மாவுக்கு அழைப்பேன்.

அப்பா மரலாரி ஓட்டியவர். நெடுஞ்சாலை வருவதற்கு முன், சுங்கை சிப்புட் வழியாகப் பழைய சாலையில் ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே எத்தனையோ நடை போனவர். இப்போது வலக்கை எழவில்லை, பேச்சும் குழறுகிறது. மைவியை முதன்முதலாக வாசலில் நிறுத்திய மறுநாள் காலை, கைத்தடியோடு மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பானெட்டைத் திறக்கச் சொல்லிச் சைகை காட்டினார். ஓடவிட்டுக் கேட்டார். தலையை ஆட்டினார். பிறகு பின்பக்க இடது டயரைத் தடியால் தட்டினார். நான் குனிந்து பார்த்தேன். பக்கவாட்டில் நான்கு எண்கள்: 2315. 2015-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்த டயர். ஏழு வயது. பூ இருந்தது, ரப்பரில் மெல்லிய வெடிப்புகள். நானும் கவனிக்கவில்லை, மெக்கானிக் அண்ணனும் கவனிக்கவில்லை.

"மாத்து" என்றார் அப்பா. அந்த ஒரு சொல் தெளிவாகவே வந்தது.

அன்று மதியமே கடைக்குப் போனோம். முன் இருக்கையில் அப்பா உட்கார்ந்திருந்தார்.