ஏற்காட்டில் ஒரு கீச்சுக்குரல்

ஏற்காடு போனால் எல்லோரும் ஏரியில் படகு விடுவார்கள். நம் ஹாம் ரேடியோ நண்பரோ, 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி வந்து சில்வர் ஓக் மரத்தில் ஒயர் கட்டினார்!

“கீழே எல்.ஈ.டி. பல்பு, சார்ஜர் இரைச்சல் தாங்கலை சார்.”

அந்தி நேரம். 7 மெகாஹெர்ட்ஸில் வெறும் ‘உஸ்ஸ்’. ஃபில்டரை 2,500 ஹெர்ட்ஸிலிருந்து 250க்குக் குறுக்கினார். இரைச்சல் பத்தில் ஒரு பங்காச்சு. அடியிலிருந்து மோர்ஸ் கீச்சிட்டது. (பேச்சு என்றால் இந்த அகலத்தில் கோவிந்தா!)

“இன்னும் குறுக்குங்களேன்?”

“50 வைத்தால் மணியடித்த மாதிரி இழுக்கும். புள்ளியும் கோடும் ஒட்டிக்கும்.”

இசட் எல்... நியூசிலாந்து! பதில் தட்டினார். மௌனம். மறுபடி தட்டினார். மூன்றாவது தடவை அவருடைய கால்சைன் முழுசாகத் திரும்பி வந்தது.

டீ ஆறியே போச்சு.