மாசம் அஞ்சு டாலரும் அப்பாவோட ஒரு ஓட்டும்

திங்கட்கிழமை காலையில நாகர்கோவில்ல இருந்து திருவனந்தபுரம் போற ரயில்ல உட்கார இடம் கிடைச்சா தூக்கம். கிடைக்கலைன்னா பாட்காஸ்ட். பெரும்பாலும் பாட்காஸ்ட்தான் :-)

ரெண்டு வருஷமா விடாம கேக்குறது ஒண்ணு உண்டு. அமெரிக்காவுல ரெண்டு பேர் நடத்துறாங்க. வேலை செய்யுறவங்களே சொந்தக்காரங்களா இருக்கிற கூட்டுறவு நிறுவனங்களைப் பத்தி மட்டும்தான் பேச்சு. ஸ்பெயின்ல ஒரு பாதிரியாரோட மாணவர்கள் அஞ்சு பேர் 1956-ல ஆரம்பிச்ச பட்டறை மோந்த்ராகோன்ங்கிற பெரிய குழுமமா வளர்ந்த கதை, அதே குழுமத்தோட ஃபாகோர் கம்பெனி 2013-ல திவாலான கதை, எல்லாம் அங்க கேட்டதுதான்.

விளம்பரம் கிடையாது. ஒவ்வொரு தடவையும் கடைசியில "மாசம் அஞ்சு டாலர் குடுங்க"ன்னு கேப்பாங்க. அந்த இடம் வந்ததும் நான் அடுத்த எபிசோடுக்குத் தாவிடுவேன். காரணம் கேட்டா கார்டைச் சொல்லுவேன். 2021 அக்டோபர்ல ரிசர்வ் வங்கி விதி மாறினதுல, வெளிநாட்டு சைட்டுக்கு மாசாமாசம் தானா காசு போறது நிறைய பேருக்கு நின்னு போச்சு இல்லையா, அது. உண்மை என்னன்னா, ஓசியில கிடைக்கிறதுக்கு எதுக்குக் காசுங்கிற எண்ணம்தான்.

போன மாசம் அவங்க நேராவே சொல்லிட்டாங்க. வருஷ முடிவுக்குள்ள செலவுக்குத் தேறலைன்னா நிறுத்திடுவோம்னு. குரல்ல நாடகம் எதுவும் இல்ல. அதான் உறுத்துச்சு.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். அப்பா முப்பது வருஷம் இந்தியன் காபி ஹவுஸ்ல வேலை பார்த்தவர். கிளீனிங்குக்குச் சேர்ந்து சர்வரா ரிட்டயர் ஆனார். விசிறி வச்ச தலைப்பாகை, வெள்ளை யூனிஃபார்ம். ஸ்கூல்லயும் இன்ஜினியரிங் காலேஜ்லயும் ஃபாரத்துல 'தகப்பனார் தொழில்'னு வந்தா 'பிசினஸ்'னு எழுதுவேன். சர்வர்னு எழுத வெக்கம்.

அந்த ஞாயித்துக்கிழமை சாப்பிடும்போது, "இப்படி ஒரு நிகழ்ச்சிப்பா, நிறுத்தப் போறாங்களாம்"னு சும்மா சொன்னேன். அப்பா எழுந்து போய் பரண்ல இருந்து ஒரு கட்டு எடுத்துட்டு வந்தார். சங்கத்தோட ஆண்டறிக்கைகள். வரவு, செலவு, எல்லாம் அச்சடிச்சு.

1957-ல காபி போர்டு காபி ஹவுஸ்களை மூடி ஆட்களை வெளியே அனுப்பினப்போ, ஏ.கே.கோபாலன் பேச்சைக் கேட்டு தொழிலாளிகளே சங்கம் வச்சு எடுத்து நடத்தினது அது. கேரளாவுல முதல் கடை 1958-ல திருச்சூர்ல. இதெல்லாம் எனக்கு அரைகுறையாத் தெரியும். அப்பா வேற ஒண்ணு சொன்னார்.

"பொதுக்குழுவுல மேனேஜருக்கும் ஒரு ஓட்டு, எனக்கும் ஒரு ஓட்டு மக்கா. கணக்கை எழுந்து நின்னு கேக்கலாம். ஒன் ஆளுங்க காசு கேக்கானுவ, சரி. கணக்கு காட்டுவானுவளா? ஒனக்கு ஓட்டு உண்டா?"

'பிசினஸ்'னு நான் எழுதின பொய், உண்மையாத்தான் இருந்திருக்கு. அந்தக் கடையில எங்கப்பாவும் ஒரு முதலாளி. நான் பொட்டி தட்டுற கம்பெனியில எனக்கு அப்படிச் சொல்லிக்க ஒண்ணுமில்ல.

அப்பா கேட்டது மண்டையில ஓடிட்டே இருந்துச்சு. கேக்குறவங்க காசுல நடக்கிற ஒலிபரப்பு வேற எங்கயாவது இந்தக் கேள்வியைச் சந்திச்சிருக்கான்னு தேடினேன். லூயிஸ் ஹில்னு ஒருத்தர், கலிஃபோர்னியா பெர்க்லியில 1949-ல கே.பி.எஃப்.ஏ. வானொலியை ஆரம்பிச்சார். விளம்பரம் இல்லாம, நேயர்களோட சந்தாவுல. 1950-ல காசில்லாம நின்னுச்சு, 1951-ல திரும்ப வந்துச்சு. ஆனா சந்தா கட்டினவங்களுக்கு நிர்வாகத்துல ஓட்டு இல்ல. 1999-ல மேலிடம் ஊழியர்களை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினப்போ, ஆயிரக்கணக்கான நேயர்கள் தெருவுக்கு வந்தாங்க. வழக்கெல்லாம் நடந்து, 2003-ல வந்த புது விதிகள்லதான் சந்தாதாரருக்கு ஓட்டு கிடைச்சுது. அதுக்கப்புறமும் கடன், கோஷ்டிச் சண்டைனு பாடு இருந்துச்சு. ஓட்டு வந்துட்டா எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்ல வரல. ஆனா கதவைப் பூட்டினா கேக்க ஒரு உரிமை வேணும்ல?

அன்னிக்கு ராத்திரியே ஒரு வருஷக் காசை, அறுபது டாலர், மொத்தமா ஒரே தடவையில கட்டினேன். கார்டு மறுக்கவே இல்ல :-) கூடவே ஒரு மடல். வரவு செலவை வெளியிடுங்க. அடுத்து எந்த நிறுவனத்தைப் பத்திப் பேசலாம்ங்கிறதுல காசு கட்டுறவங்களுக்கு ஆளுக்கொரு ஓட்டு குடுங்க, அஞ்சு டாலர் கட்டினாலும் ஐநூறு கட்டினாலும் ஒரே ஓட்டு. கூட்டுறவைப் பத்திப் பேசுறவங்க இதையாவது செய்யலாமேன்னு எழுதினேன்.

நாலு நாள்ல பதில் வந்துச்சு. கணக்கை வெளியிடுறாங்களாம், ஓட்டு பத்தி யோசிக்கணுமாம். தேவையான தொகை இன்னும் சேரல. கடைசியா, உங்க அப்பா எங்ககிட்ட பேசுவாரான்னு கேட்டிருந்தாங்க.

அப்பாகிட்ட சொன்னேன். முகத்துல ஒரு சந்தோஷம் வந்துச்சு, உடனே மறைச்சுக்கிட்டார்.

"காசு கட்டுனல்லா, ரசீது குடுத்தானுவளா?"

மெயில்ல வந்திருக்குப்பான்னேன்.

"அதை பிரிண்ட் எடுத்துட்டு வா."

இப்போ அது பரண் கட்டுல, ஆண்டறிக்கைகளோட இருக்கு.