மருந்து வேளை

நேற்றிரவு மின்சாரம் போயிருந்த சமயம், என் தலைமாட்டில் ஆழ்ந்த நித்திரையிலிருந்த என் நாய் வள்ளியின் இடது முன்னங்கால், கடிகாரம்போல் தாளம் தவறாமல் துடித்துக்கொண்டிருந்ததைக் கைவைத்து உணர்ந்தபோது, இதை எழுதத் தோன்றியது.

டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் வியாதி, தடுப்பூசி காணாத தெருக்குட்டிகளைப் பீடித்து, முதலில் கண்ணிலும் மூக்கிலும் சளியாய் வடிந்து, பின்னர் நரம்பு மண்டலத்துக்குள் பிரவேசித்துவிடுமாயின், பிழைத்தெழும் பிராணிகளிலும் பலவற்றுக்கு இந்தத் துடிப்பையும் சில சமயம் வலிப்பையும் ஆயுள் பரியந்தம் விட்டுச்செல்கிறது.

மனிதருக்கு இது தொற்றாது. சொன்னாலும் நம்பாமல் குழந்தைகளை அப்பால் இழுத்துக்கொள்கிறவர்களைப் பார்க்கையில் மனம் நோகிறது.

வள்ளிக்கு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, வலிப்பை அடக்கும் பீனோபார்பிட்டால் மாத்திரையை இட்லித் துண்டுக்குள் பொதிந்து கொடுக்கவேண்டும். திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னிலும் உக்கிரமாய்த் திரும்பக்கூடும். ஈரலின் நிலையறிய அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் உண்டு.

அம்மருந்தினாலேயே பசியும் தாகமும் மிகுந்து, தட்டை வழித்து நக்கிய பின்பும் சமையலறை வாசலில் வந்து நின்று பார்க்கிறாளே, அந்தப் பார்வைக்கு எதிரே வைத்தியர் விதித்த அளவைக் காப்பாற்றுவதுதான் எனக்கு மிகவும் சிரமமாக இருக்கிறது.

அவள் இருந்த காப்பகத்தில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவனுக்குப் பார்வை இல்லை, மற்றவளுக்கு இவளைப் போலவே வலிப்பு. வருகிறவர்கள் எல்லோரும் தேகசுகமுள்ள குட்டிகளையே கேட்கிறார்கள்.

உங்களில் யாருக்கேனும், படியேற வேண்டாத வீடும், மருந்து வேளை தவறாத ஒரு மனுஷரும் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை என்னோடு வருகிறீர்களா?