கழிச்சா வர்ற மிச்சம்

ஒண்ணு ஒத்துக்கிறேன். அமெரிக்காவில் ஒரு கட்டுமானத் தொழிலாளிக்கான மதிப்புக்கூட்டல் 1970-ஐ விட 2020-ல் சுமார் 40 சதவீதம் குறைவு. கூல்ஸ்பீ, சைவர்சன் என்ற பொருளாதாரப் பேராசிரியர்கள் எழுதியிருந்தாங்க. ப்ராஜெக்டுக்காகப் படிச்சப்ப, "ஆளுங்க ஒழுங்கா வேலை செய்யல போல"ன்னுதான் நினைச்சேன். இத்தனைக்கும் என் அப்பா கம்பி கட்டுற மேஸ்திரி.

கணக்கைப் பாருங்க. உற்பத்தி வளர்ச்சியில் உழைப்பு, மூலதனம் இரண்டின் பங்கையும் கழித்தால் வரும் மிச்சம்தான் மொத்தக் காரணி உற்பத்தித்திறன். 1957-ல் ராபர்ட் சோலோ காட்டிய வழி. அந்த மாதிரி மிச்சத்தை 1956-லேயே நம் அறியாமையின் அளவு என்றார் மோசஸ் ஆப்ரமோவிட்ஸ். சோம்பலின் அளவு என்று சொல்லவில்லை! டிசைன், அனுமதி, விலைக் குறியீட்டில் தப்பு, எது வேணும்னாலும் அதுக்குள்ள இருக்கலாம். விலைக் குறியீடுதான் ஏமாத்துதோன்னு, ஒரு ஆளுக்கு எத்தனை வீடுன்னும் அவங்க எண்ணிப் பார்த்தாங்க. அதுவும் ஏறவில்லை.

நம்ம ஊர் சைட்டுக்கும் இதே கணக்கைப் போடலாம்னு அப்பாகிட்ட விளக்கினேன். பொறுமையா கேட்டுட்டு, "கம்பி லாரி வர்ற வரைக்கும் நாங்க சும்மா உட்கார்ந்திருக்கோமே, அதை எதுல எழுதுவ?" என்றார்.

உழைப்பு நேரத்தில்தான் எழுதியிருந்தேன்.